வேற்றுலக அறிவுயிர்த் தொடர்பு: ஒரு கலந்துரையாடலை உருப்படியாக நடத்துவது எப்படி?

கல்லூரி வகுப்பறையிலோ நூலக வாசகர் வட்டத்திலோ "வேற்றுலகவாசிகள் நம்மைத் தொடர்புகொண்டால் என்ன ஆகும்?" என்று தலைப்பு வைத்துக் கூட்டம் போட்டால், ஆள் சேர்ப்பதில் சிரமம் இருக்காது. வந்தவர்கள் புதிதாக ஏதேனும் யோசித்துவிட்டுப் போகிறார்களா என்பதில்தான் சிரமம் இருக்கிறது. பெரும்பாலும் முதல் பத்து நிமிடத்திலேயே ஒருவர் பறக்கும் தட்டைப் பற்றிப் பேசத் தொடங்குவார், இன்னொருவர் அதை மறுப்பார், மூன்றாமவர் தாம் பார்த்த சினிமாவின் கதையைச் சொல்வார், எஞ்சிய நேரம் முழுவதும் அந்த மூவருக்கே போய்விடும். இருபது முப்பது பேர் கொண்ட ஒரு குழுவை இரண்டு மணி நேரம் உட்காரவைத்து, இந்த விஷயத்தில் அவர்கள் உண்மையில் என்ன மனநிலையில் இருக்கிறார்கள், அதற்கு என்ன காரணம் வைத்திருக்கிறார்கள் என்பதை வெளியே கொண்டுவர விரும்பும் ஆசிரியருக்காகவும் அமைப்பாளருக்காகவும் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். இதற்கு இயற்பியல் பட்டம் தேவையில்லை. சில நிகழ்ச்சிகளைப் பிழையில்லாமல் தெரிந்துவைத்திருந்தால் போதும். அவற்றை அந்தந்த இடத்தில் தந்திருக்கிறேன்.

கேள்வியை உடைத்துக்கொள்ளுங்கள்

"நீங்கள் ஏலியனை நம்புகிறீர்களா?" என்று மட்டும் ஒருபோதும் தொடங்காதீர்கள். அண்டத்தில் வேறெங்காவது அறிவுயிர் இருக்கிறதா, அது இங்கே வந்து போயிருக்கிறதா, அதனோடு தொடர்பு ஏற்படுவதை நாம் விரும்ப வேண்டுமா என்ற மூன்று தனித்தனிக் கேள்விகள் அந்த ஒரு வாக்கியத்துக்குள் ஒளிந்திருக்கின்றன. ஒன்றுக்கு "ஆம்" என்பவர் மற்றதற்கும் "ஆம்" என்பார் என்று எடுத்துக்கொள்ள எந்த நியாயமும் இல்லை. 2021ஆம் ஆண்டு பியூ ஆய்வு மையம் நடத்திய கருத்துக்கணிப்பில், அமெரிக்கர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் பிற கோள்களில் அறிவுயிர் இருக்கக்கூடும் என்பதே தங்கள் ஊகம் என்றார்கள். ஆனால் அந்த உயிரினத்துக்கு நாம் பதில் எழுத வேண்டுமா, வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டுமா என்பதைப் பற்றி அந்த எண் நமக்கு எதையும் சொல்வதில்லை.

எனவே கூட்டத்துக்கு முன்பே நான்கு அட்டைகளைத் தயார் செய்து, ஒவ்வொன்றிலும் ஒரு நிலைமையை ஐந்தாறு வரிகளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். முதல் அட்டை நுண்ணுயிர் பற்றியது. அதற்குக் கற்பனையே தேவையில்லை. 1984இல் அண்டார்டிகாவின் ஆலன் மலைப்பகுதியில் எடுக்கப்பட்ட செவ்வாய்க்கோள் விண்கல்லில் நுண்ணுயிர் எச்சத்தின் தடயம் இருப்பதாக நாசா ஆய்வாளர்கள் 1996 ஆகஸ்ட்டில் அறிவித்தபோது, அமெரிக்க அதிபர் கிளின்டன் வெள்ளை மாளிகைப் புல்வெளியில் நின்று அதைப் பற்றிப் பேசினார், உலகம் மறுநாள் தன் வேலையைப் பார்க்கப் போனது. அந்தத் தடயத்துக்கு உயிரல்லாத விளக்கங்களே போதும் என்று பின்னர் பெரும்பாலான விஞ்ஞானிகள் கருதினார்கள். 124 ஒளியாண்டுகளுக்கு அப்பாலுள்ள கே2-18பி என்ற கோளின் வளிமண்டலத்தில், பூமியில் கடல் நுண்ணுயிர்கள் வெளியிடும் ஒரு சேர்மத்தின் சாயல் தெரிவதாக நிக்கு மதுசூதன் தலைமையிலான கேம்பிரிட்ஜ் குழு 2025 ஏப்ரலில் அறிவித்ததும், மற்ற குழுக்கள் அந்தத் தரவை மறுத்ததும் இதே வகையைச் சேர்ந்தவை.

இரண்டாவது அட்டை மிக முக்கியமானது என்பதால் அதன் வாசகத்தை முழுமையாகத் தருகிறேன்: "300 ஒளியாண்டு தொலைவிலுள்ள ஒரு விண்மீனின் திசையிலிருந்து, இயற்கையில் உருவாக முடியாத அளவுக்குக் குறுகிய அலைவரிசையில் ஒரு ரேடியோ சமிக்ஞை வருகிறது. மூன்று நாடுகளின் தொலைநோக்கிகள் அதை உறுதிசெய்துவிட்டன. அதில் செய்தி ஏதேனும் இருக்கிறதா என்று யாருக்கும் தெரியவில்லை. அடுத்த ஒரு வாரத்தில் உங்கள் அன்றாட வாழ்வில் எதை மாற்றிக்கொள்வீர்கள்?" இந்த வாசகத்தில் இரண்டு சொற்சேர்க்கைகளுக்குக் கூடுதல் வேலை இருக்கிறது. "300 ஒளியாண்டு" என்பதைப் படித்தவுடன் கூட்டத்தில் யாராவது ஒருவர் கணக்குப் போட்டு, இது அவர்கள் 300 ஆண்டுகளுக்கு முன் அனுப்பியது, நாம் இன்றே பதில் அனுப்பினாலும் அது போய்ச் சேர இன்னும் 300 ஆண்டு ஆகும் என்று சொல்வார்; அப்படி யாரும் சொல்லாவிட்டால் நீங்கள் சொல்லுங்கள். "அடுத்த ஒரு வாரத்தில்" என்ற வரையறை, "மனிதகுலமே மாறிவிடும்" என்பது போன்ற மேடைப்பேச்சுக்கு இடம் கொடுக்காமல், வங்கிக்குப் போவேனா, கோயிலுக்குப் போவேனா, பிள்ளைகளிடம் என்ன சொல்வேன் என்ற அளவுக்கு ஆளைக் கீழே இறக்கிவிடும்.

மூன்றாவது அட்டையில் அதே சமிக்ஞையைப் பொருள் புரிந்த செய்தியாக மாற்றிக்கொள்ளுங்கள். நான்காவதில் சூரியக் குடும்பத்துக்குள்ளேயே செயற்கைப் பொருள் ஒன்று தென்பட்டதாக வையுங்கள். 2017இல் ஹவாயிலிருந்து கண்டறியப்பட்ட ஓமுவாமுவா, 2025 ஜூலையில் சிலியிலிருந்து கண்டறியப்பட்ட 3ஐ அட்லஸ் ஆகிய விண்மீனிடைப் பொருள்களைப் பற்றி அப்படியொரு ஊகத்தை ஹார்வர்டு வானியலாளர் ஆவி லோப் முன்வைத்ததும், பெரும்பாலான வானியலாளர்கள் இயற்கை விளக்கமே போதுமென்று கூறியதும் செய்தித்தாள் படிப்பவர்களுக்கு நினைவிருக்கும். அண்டை வீட்டில் விளக்கு எரிவதைத் தூரத்திலிருந்து பார்ப்பதும் நம் வீட்டுத் திண்ணையில் ஒருவர் வந்து உட்காருவதும் வேறு வேறு என்பது போல, இரண்டாவது அட்டையில் ஆனந்தப்பட்டவர்களே நான்காவதில் அஞ்சுவதை நீங்கள் காண முடியும். இந்த வேறுபாட்டை அவர்களே உணரும்படி செய்துவிட்டால் கூட்டத்தின் பாதி வேலை முடிந்துவிடும்.

தன்னைப் பற்றி முதலில், பிறரைப் பற்றிப் பிறகு

அட்டைகளைக் கொடுத்ததும் யாரையும் பேசவிடாமல், முதலில் ஒவ்வொருவரும் தம் பதிலைத் தாளில் எழுதச் சொல்லுங்கள். அந்தத் தாளின் மறுபக்கத்தில் "இதே செய்திக்கு ஊரில் மற்றவர்கள் எப்படி நடந்துகொள்வார்கள்?" என்ற கேள்விக்குத் தனியாகப் பதில் எழுதட்டும். பெயர் எழுத வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். கூட்டம் முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். "நான் நிதானமாக இருப்பேன், மற்றவர்கள்தான் பதறுவார்கள்" என்ற மனப்பாங்கு இந்த விஷயத்தில் அவ்வளவு பரவலாக இருக்கிறது.

இதற்குச் சான்றும் உண்டு. 2008இல் அமெரிக்க இறையியலாளர் டெட் பீட்டர்ஸ், பல சமயங்களைச் சேர்ந்தவர்களும் சமயம் சாராதவர்களுமாக 1,300க்கும் மேற்பட்டோரிடம் கேட்ட கேள்விகளில் இதுவும் ஒன்று: வேற்றுலக அறிவுயிர் கண்டுபிடிக்கப்பட்டால் உங்கள் நம்பிக்கை குலையுமா? குலையாது என்றே மிகப் பெரும்பாலான பக்தர்கள் சொன்னார்கள். சமயங்கள் நெருக்கடிக்கு உள்ளாகும் என்று அதிகமாக எதிர்பார்த்தவர்கள் சமயம் சாராதவர்களே. வத்திக்கான் வானாய்வகத்தின் அப்போதைய இயக்குநர் ஹோசே கபிரியேல் ஃபூனெஸ், வேற்றுலக உயிர் இருக்கிறதென்று நம்புவது கடவுள் நம்பிக்கைக்கு முரணல்ல என்று வெளிப்படையாகச் சொன்னதும் அதே ஆண்டுதான். பல அண்டங்களையும் பல உலகங்களையும் பாடிவந்த மரபில் வளர்ந்த தமிழ் வாசகருக்கு இது வியப்பளிக்காது. எனினும் கூட்டத்தில் யாராவது "மதங்கள் எல்லாம் அன்றோடு முடிந்தன" என்று அறிவித்தால், நீங்கள் மறுத்துப் பேசாமல், பக்தர்கள் எழுதிய தாள்களை எடுத்து வாசித்துக் காட்டினால் போதும்.

பிறர் பதறுவார்கள் என்ற எண்ணத்துக்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. 1938 அக்டோபர் 30 அன்று செவ்வாய்வாசிகள் படையெடுப்பதாக அமெரிக்காவில் ஒலிபரப்பான வானொலி நாடகத்தைக் கேட்டு நாடே தெருவுக்கு ஓடிவந்தது என்ற கதையை உங்கள் கூட்டத்தில் ஒருவராவது கட்டாயம் சொல்வார். அன்றிரவே நேயர் கணக்கெடுப்புக்காகத் தொலைபேசியில் கேட்கப்பட்ட ஐயாயிரம் வீடுகளில் இரண்டு சதவீதத்தினரே அந்த நிகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பயந்தவர்கள் இருந்தார்கள் என்பது உண்மைதான், ஆனால் மறுநாள் செய்தித்தாள்கள் அந்தப் பயத்தை ஊதிப் பெருக்கின. விளம்பர வருவாயைத் தங்களிடமிருந்து பிடுங்கிக்கொண்டிருந்த வானொலியைப் பொறுப்பற்ற ஊடகமாகக் காட்டும் ஆவல் செய்தித்தாள்களுக்கு இருந்தது என்று பிற்கால ஊடக வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள்.

அரசு மட்டத்திலும் இந்தக் கவலை இருந்தது. நாசாவுக்காக புரூக்கிங்ஸ் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் 1960இல் தயாரித்த நீண்ட அறிக்கையில் சில பக்கங்கள் வேற்றுலக அறிவுயிரைப் பற்றியவை. தங்கள் இடம் இன்னதென்று உறுதியாக நம்பியிருந்த சமூகங்கள், அறியாத வேறு சமூகங்களைச் சந்தித்தபோது சிதைந்துபோன எடுத்துக்காட்டுகள் மானிடவியலில் உண்டு என்று எச்சரிக்கும் அந்த அறிக்கை, நம்மைவிட மேலான உயிரினத்தைக் கண்டறிந்தால் மற்ற எல்லாரையும்விட விஞ்ஞானிகளும் பொறியாளர்களுமே அதிகம் நிலைகுலையக்கூடும் என்றும் குறிப்பிடுகிறது. பொறியியல் மாணவர்கள் நிறைந்த அரங்கில் இந்தத் தகவலைப் போட்டுவிட்டு ஐந்து நிமிடம் அமைதியாக இருங்கள். விவாதம் தானாக நடக்கும்.

இதற்கு மாற்றாக ஒரு நிதானமான ஆய்வும் இருக்கிறது. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக உளவியலாளர் மைக்கேல் வார்னமும் அவருடைய குழுவினரும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், வேற்றுலக உயிர் குறித்த முந்தைய அறிவிப்புகளைப் பற்றிய பத்திரிகைக் கட்டுரைகளின் சொற்களையும், அமெரிக்கர்கள் பலர் தாமே எழுதித் தந்த எதிர்வினைகளின் சொற்களையும் கணினியால் அலசி, அச்சத்தைக் காட்டும் சொற்களைவிட உவகையைக் காட்டும் சொற்களே மிகுதி என்று கண்டார்கள். இதைச் சொல்லும்போது அதன் வரம்பையும் சேர்த்தே சொல்லுங்கள். அது ஒரே நாட்டு மக்களின் பதில்; அவர்களிடம் கேட்கப்பட்டது நுண்ணுயிரைப் பற்றி, அதாவது நம் முதல் அட்டையைப் பற்றி மட்டுமே. நான்காவது அட்டைக்கு அதை நீட்டினால் ஏமாந்துபோவோம்.

கரும்பலகையில் ஒரு வரைபடம்

மனநிலையைப் பற்றிப் பேசும் கூட்டத்தில் ரேடியோ தொழில்நுட்பம் எதற்கு என்று தோன்றலாம். சமிக்ஞை என்பது எப்படி வருகிறது, எவ்வளவு காலம் ஐயத்திலேயே கிடக்கிறது என்று தெரியாதவர்கள், தொடர்பு என்பதை ஒரே நாள் காலையில் நடந்துமுடியும் நிகழ்ச்சியாகக் கற்பனை செய்துகொள்வதால், அவர்களுடைய அச்சமும் ஆனந்தமும் அந்தக் கற்பனைக்கு ஏற்றவையாகவே அமைந்துவிடுகின்றன. அதைச் சரிசெய்ய ஒரு கரும்பலகையும் கால் மணி நேரமும் போதும்.

6, 14, 26, 30, 19, 5 என்ற ஆறு எண்களைப் பலகையில் எழுதி, ஏறத்தாழ பன்னிரண்டு நொடிக்கு ஒன்று என்ற கணக்கில் அவற்றை வரைபடமாக வரையச் சொல்லுங்கள். ஒரு மேடு போல ஏறி இறங்கும் கோடு கிடைக்கும். 1977 ஆகஸ்ட் 15 அன்று அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் "பெரிய காது" என்று பெயர் பெற்ற ரேடியோ தொலைநோக்கி பதிவு செய்த சமிக்ஞையின் வலிமை அது. பின்னணி இரைச்சலைவிட எத்தனை மடங்கு என்பதை எண்ணாகவும், ஒன்பதைத் தாண்டினால் ஆங்கில எழுத்தாகவும் அச்சிடுவது அந்தக் கணினியின் வழக்கம். சில நாள் கழித்துக் காகிதச் சுருளைப் பார்வையிட்ட வானியலாளர் ஜெர்ரி எஹ்மன் அந்த ஆறு குறிகளைச் சிவப்பு மையால் வளைத்து, ஓரத்தில் "வாவ்!" என்று எழுதினார். அந்தத் தொலைநோக்கி நகராமல் ஒரே இடத்தை நோக்கியிருக்கும், பூமியின் சுழற்சிதான் வானத்தை அதன் பார்வையில் நகர்த்தும். ஆகவே வானில் நிலையாக இருக்கும் எந்தப் பொருளும் 72 நொடியில் இப்படித்தான் ஏறி இறங்க வேண்டும், அது அப்படியே ஏறி இறங்கியது. ஆனால் அந்தத் தொலைநோக்கியில் இரண்டு வாங்கிகள் அடுத்தடுத்து இருந்தும் ஒன்றில் மட்டுமே சமிக்ஞை பதிவானது, அதன் பிறகு அந்தத் திசையில் எத்தனை முறை தேடியும் அது கிடைக்கவில்லை.

வரைந்து முடித்ததும், "நீங்கள் எஹ்மனின் இடத்தில் இருந்தால் இன்றிரவே பத்திரிகைக்குச் சொல்வீர்களா?" என்று கேளுங்கள். கைதூக்கச் சொல்லி எண்ணிக்கொண்ட பிறகு, 2019 ஏப்ரல், மே மாதங்களில் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கி நமக்கு மிக அருகிலுள்ள விண்மீனான பிராக்சிமா சென்டாரியை நோக்கியிருந்தபோது பதிவான சமிக்ஞையின் கதையைச் சொல்லுங்கள். ஆய்வுக்குழு இன்னும் சரிபார்த்துக்கொண்டிருக்கும்போதே 2020 டிசம்பரில் அது ஒரு பிரிட்டிஷ் நாளிதழில் கசிந்தது. பூமியிலுள்ள மின்னணுக் கருவிகளின் குறுக்கீடுதான் அது என்ற முடிவு 2021 அக்டோபரில் வெளிவந்தது. செய்தி பரவியதற்கும் முடிவு தெரிந்ததற்கும் இடையிலான அந்தப் பத்து மாதத்தில் நம் மனம் எப்படி இருக்கும் என்பதுதான் நடைமுறையில் நாம் சந்திக்கப்போகும் கேள்வி, ஏனென்றால் உண்மையான தொடர்பு ஏற்பட்டாலும் அது இப்படித்தான் பாதி நம்பிக்கையும் பாதி ஐயமுமாகத் தொடங்கும்.

ஒவ்வோர் அறிவிப்பையும் எடைபோட ரியோ அளவுகோல் என்ற ஒன்று இருக்கிறது. 2000ஆம் ஆண்டு ரியோ டி ஜெனீரோவில் நடந்த மாநாட்டில் இவான் அல்மாரும் ஜில் டார்ட்டரும் முன்மொழிந்து, 2018இல் திருத்தப்பட்டது. உண்மையானால் விளைவு எவ்வளவு பெரிது, உண்மையாக இருக்கும் வாய்ப்பு எவ்வளவு என்ற இரண்டையும் சேர்த்து 0 முதல் 10 வரை மதிப்பெண் கொடுக்கும் முறை இது. கூட்டத்தில் இதன் சூத்திரத்தை விளக்கத் தேவையில்லை. இந்த இரண்டையும் தனித்தனியாக யோசிக்கும் பழக்கம் வந்தாலே போதும்.

கொலம்பஸ் வரும்போது

எப்படியும் அவர் வருவார். 2010இல் ஸ்டீபன் ஹாக்கிங், மேம்பட்ட வேற்றுலகவாசிகள் இங்கு வந்தால் கொலம்பஸ் அமெரிக்காவில் இறங்கியபோது அங்கிருந்த மக்களுக்கு நேர்ந்ததுதான் நமக்கும் நேரும் என்ற பொருளில் பேசியதிலிருந்து, இந்த ஒப்புமை இல்லாமல் ஒரு விவாதமும் நடப்பதில்லை. இதைத் தடுக்க முயலாமல், பிரித்துப் பார்க்கச் செய்யுங்கள். அமெரிக்கப் பழங்குடிகளை அழித்தவை எவை? அம்மை நோய், குதிரை, இரும்பு, துப்பாக்கி, நில ஆசை, அடிமை வணிகம். இவற்றில் எது ரேடியோ அலையில் ஏறி வரும்? ஒன்றும் வராது என்பதை ஒப்புக்கொண்டால், கொலம்பஸ் நான்காவது அட்டைக்கு உரியவர், இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் உரியவர் அல்ல என்பது தெளிவாகும். தொலைவிலிருந்து வரும் செய்திக்கு இணையாக, கிரேக்க நூல்கள் அரபு மொழிபெயர்ப்பின் வழியே இடைக்கால ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்ந்ததைச் சிலர் சுட்டுவார்கள். எழுதியவர்கள் இறந்து நூற்றாண்டுகள் ஆகியிருந்தன, படித்தவர்களின் உலகம் மாறியது, யாரும் யாரையும் அடிமைப்படுத்தவில்லை.

ஆனால் அதோடு விட்டுவிட்டால் ஆபத்தே இல்லை என்பவர்களுக்கு வெற்றியைச் சும்மா தூக்கிக் கொடுத்ததாக ஆகும். காலனி ஆட்சியை அனுபவித்த நாடுகளில் வளர்ந்தவர்களுக்கு, துப்பாக்கி மட்டுமே ஆளுகைக்கான கருவி அல்ல என்பது தெரியும். எல்லாம் அவர்களுக்கே தெரியும் என்ற எண்ணம் ஒரு சமூகத்துக்குள் புகுந்த பிறகு அதன் பள்ளியும் மருத்துவமும் மொழியும் என்ன ஆகின்றன என்பதை நம் பாட்டன்மார் காலத்திலேயே பார்த்திருக்கிறோம். மூன்றாவது அட்டையில் பொருள் புரிந்த செய்தி வருகிறது என்றால், அதைப் புரிந்துகொள்ளும் கருவி எந்த நாட்டின் கையில் இருக்கும் என்பதையும் கேட்க வேண்டும். ஹாக்கிங்கின் ஒப்புமையில் உள்ள பயத்தைவிட இந்தப் பயம் எனக்கு நியாயமானதாகப் படுகிறது. இது வேற்றுலகவாசியைப் பற்றிய பயம்கூட அல்ல.

பேசலாமா, கேட்டுக்கொண்டிருக்கலாமா

இரண்டாவது மணி நேரத்தை இதற்கு முழுவதுமாக ஒதுக்குங்கள், ஏனெனில் வானியலாளர்களே இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கும் இடம் இதுதான். 1974 நவம்பர் 16 அன்று புவேர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோ தொலைநோக்கியிலிருந்து பிராங்க் டிரேக் தலைமையில் 1,679 துணுக்குகள் (பிட்கள்) கொண்ட செய்தி ஒன்று, ஏறத்தாழ 25,000 ஒளியாண்டு தொலைவிலுள்ள எம்13 என்ற விண்மீன் கொத்தை நோக்கி மூன்று நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில் அனுப்பப்பட்டது. பிரிட்டனின் அரச வானியலாளர் மார்ட்டின் ரைல் இதை அறிந்து, வெளியே பகை கொண்டவர்களோ பசி கொண்டவர்களோ இருக்கலாம், நம் இருப்பிடத்தைக் காட்டிக்கொடுப்பது ஆபத்து என்று எதிர்த்தார். வெறும் வறட்டுக் கவலையாக இதைத் தள்ளிவிட முடியாது. 1967இல் கேம்பிரிட்ஜில் ஜோசலின் பெல், 1.33 நொடிக்கு ஒருமுறை தவறாமல் துடிக்கும் சமிக்ஞையைக் கண்டபோது அந்த ரேடியோ வானியல் குழுவுக்குத் தலைவராக இருந்தவர் ரைல். அது பல்சார் என்ற விண்மீன் என்று தெரிவதற்கு முன், வேற்றுலக நாகரிகமாக இருந்தால் யாரிடம் எப்படிச் சொல்வது என்ற பேச்சு அந்தக் குழுவுக்குள் உண்மையாகவே நடந்தது.

அனுப்பலாம் என்போரின் வாதம், நம் ரேடாரும் தொலைக்காட்சியும் ஏற்கெனவே கசிந்துகொண்டிருக்கின்றன, இனி ஒளிந்துகொள்வதில் பொருளில்லை என்பது. கசியும் தொலைக்காட்சி அலை தொலைவில் மிக மெலிந்துவிடும், திசை பார்த்துக் குவித்து அனுப்பும் கற்றையோ பல மடங்கு வலிமையானது, இரண்டும் ஒன்றல்ல என்பது எதிர்வாதம். ரஷ்ய வானியலாளர் அலெக்சாண்டர் ஜைட்சேவ் 1999, 2001, 2003 ஆண்டுகளில் கிரீமியாவின் எவ்பட்டோரியாவிலிருந்து அருகிலுள்ள விண்மீன்களுக்குச் செய்திகள் அனுப்பினார். 2015இல் விஞ்ஞானிகளும் தொழில்துறையினருமாகப் பலர், உலகளாவிய விவாதம் நடக்கும் வரை அனுப்பக் கூடாது என்று அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். 2017இல், இத்தகைய செய்திகளை அனுப்புவதற்கென்றே டக்ளஸ் வகோச் தொடங்கிய அமைப்பு நார்வேயின் டிரோம்சோவிலிருந்து, 12 ஒளியாண்டு தொலைவேயுள்ள லூய்ட்டன் விண்மீனுக்குச் செய்தி அனுப்பியது. அதற்கு யாரேனும் பதில் தந்தால் இன்று பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் நடுவயதுக்கு வருமுன் அது வந்து சேர்ந்துவிடும் என்பதால், எம்13க்கு அனுப்பியதைப் போல இதை வெறும் சடங்காகக் கருத முடியாது.

இதைத் தடுக்கச் சட்டம் இருக்கிறதா என்ற கேள்வி எழும். பன்னாட்டு விண்வெளிக் கழகம் 1989இல் ஏற்று 2010இல் திருத்திய நெறிமுறைப் பிரகடனம், கண்டறிந்ததைச் சரிபார்க்க வேண்டும், மறைக்காமல் வெளியிட வேண்டும், பன்னாட்டு ஆலோசனை இல்லாமல் பதில் அனுப்பக் கூடாது என்கிறது. அது ஒரு நல்லெண்ண உடன்பாடு மட்டுமே, மீறினால் தண்டிக்க யாருமில்லை. மேலும் பதில் அனுப்புவதைப் பற்றித்தான் அது பேசுகிறது. எந்தச் சமிக்ஞையும் வராத நிலையில் நாமாக முந்திக்கொண்டு பேசுவதை அது கட்டுப்படுத்தவில்லை.

விவாதத்தை நடத்தும்போது ஒவ்வொருவரையும் தம் சொந்தக் கருத்துக்கு எதிர்ப்பக்கத்தில் உட்காரவைத்து வாதிடச் சொல்லுங்கள். அரை மணி நேரம் கழித்து, "அனுப்புவதாக முடிவு செய்துவிட்டால், யார் பெயரில் அனுப்புவது?" என்ற கேள்வியை வையுங்கள். இதற்கு எடுத்துக்காட்டுகள் தயாராகக் கிடக்கின்றன. 1972இல் ஏவப்பட்ட பயனியர் 10 கலத்தின் தகட்டில் ஆடையில்லாத ஆணும் பெண்ணும் பொறிக்கப்பட்டிருந்ததற்கு அமெரிக்காவிலேயே எதிர்ப்புக் கடிதங்கள் வந்தன. ஆண் மட்டும் கையை உயர்த்தி வாழ்த்துகிறான், பெண் சும்மா நிற்கிறாள் என்று வேறு சிலர் குறை கூறினார்கள். 1977இல் சென்ற வாயேஜர் கலங்களின் தங்கத் தட்டில் உலக மக்கள் சார்பாகப் பேசும் குரல் அப்போதைய ஐ.நா. பொதுச்செயலாளர் குர்ட் வால்ட்ஹைமுடையது. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் இராணுவத்தில் தாம் பணியாற்றியதன் பெரும்பகுதியை அவர் மறைத்திருந்தது 1986இல்தான் அம்பலமானது. அதே தட்டில் 55 மொழிகளில் வாழ்த்து இருக்கிறது. தெலுங்கு, கன்னடம், சிங்களம், மராத்தி, வங்காளம் எல்லாம் உண்டு, தமிழ் இல்லை. இதைச் சொன்னதும் அரங்கில் எழும் சலசலப்பைச் சற்று நேரம் விட்டுப்பிடியுங்கள், ஏனென்றால் "மனிதகுலத்தின் சார்பில்" என்று யாரோ சிலர் சில வாரங்களில் தொகுத்து அனுப்புவது என்றால் என்ன என்பது அப்போதுதான் உறைக்கும்.

பறக்கும் தட்டு ஆர்வலரை என்ன செய்வது

விரட்டாதீர்கள், கிண்டலும் செய்யாதீர்கள். அமெரிக்கப் புலனாய்வுத் துறை 2021 ஜூனில் வெளியிட்ட அறிக்கையில், வானில் கண்ட அடையாளம் தெரியாதவை பற்றிப் பெரும்பாலும் இராணுவத்தினர் தந்த 144 தகவல்கள் ஆராயப்பட்டன, அவற்றில் ஒன்றுக்கு மட்டுமே உறுதியான விளக்கம் கிடைத்தது, அது காற்றிறங்கிய பலூன். எஞ்சியவற்றுக்கு விளக்கம் இல்லை என்பதற்கு, தரவு போதவில்லை என்பதே பொருள். நாசா அமைத்த குழுவும், 2023இல் வெளியான தன் அறிக்கையின்படி, அவை வேற்றுலகிலிருந்து வந்தவை என்பதற்கு ஆதாரம் எதையும் காணவில்லை. இவ்வளவையும் சொல்லிவிட்டு, அவருடைய கருத்தை நான்காவது அட்டையின் கீழ் குறித்துக்கொண்டு மேலே போங்கள்.

பதிவு

கூட்டத்தின் கடைசிப் பத்து நிமிடத்தில் இரண்டாவது அட்டையையும் நான்காவது அட்டையையும் மறுபடி கொடுத்து, புதிய தாளில் பதில் எழுதச் சொல்லுங்கள். கேட்பதோடு நிறுத்திக்கொள்ளலாமா, பன்னாட்டு ஒப்புதலோடு அனுப்பலாமா, விரும்பியவர் அனுப்பலாமா என்ற மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதற்கு ஒரே ஒரு காரணத்தையும் எழுதட்டும். அறிக்கை எழுதும்போது இருபத்தைந்து பேரில் பதினைந்து பேர் என்பதை 60 சதவீதம் என்று எழுதாதீர்கள். அவ்வளவு சிறிய, தாமாக வந்து சேர்ந்த குழுவுக்குச் சதவீதம் பொருந்தாத மதிப்பைக் கொடுத்துவிடும். யார் கருத்தை மாற்றிக்கொண்டார்கள் என்பதைவிட, எந்த அட்டையில், எந்தத் தகவலைக் கேட்ட பிறகு மாற்றிக்கொண்டார்கள் என்பதை எழுதுங்கள். சிறுபான்மைக் கருத்தை அதைச் சொன்னவரின் சொற்களிலேயே முழுமையாகக் குறித்துவையுங்கள். முதல் தாள்களையும் இரண்டாம் தாள்களையும் தனித்தனி உறையில் வைத்திருந்தால், அடுத்த முறை இப்படியொரு அறிவிப்பு நாளிதழ்களில் வரும்போது அதே குழுவைக் கூட்டி, இந்த முறை கற்பனைக்குப் பதிலாக அந்தச் செய்தியையே அட்டையில் எழுதிக் கேட்டு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.